அரசரை எதிர்த்த லிபாரித்

நேயர்களுக்கு வணக்கம். ஜார்ஜிய வரலாற்றில் தாமார் அரசியின் பெயரைச் சிலராவது கேட்டிருப்பீர்கள். அவருக்கு நூறு வருடத்துக்கும் முன்னால் வாழ்ந்த லிபாரித் என்ற பிரபுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாக்வாஷி குலத்தவர். திரியாலேத்தி மலைப்பகுதியின் க்ல்தேகாரி கோட்டை அவருடையது.

1027-ல் நான்காம் பக்ராத் ஜார்ஜிய அரியணை ஏறியபோது ஒன்பது வயதுப் பையன். மறு வருடமே கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தின் படை நாட்டுக்குள் புகுந்தது. பிரபுக்கள் பலர் அந்தப் பக்கம் சாய, லிபாரித் சிறுவனின் பக்கம் உறுதியாக நின்றார். இதை மறந்துவிட்டு அவரை எடைபோடக் கூடாது.

இன்றைய ஜார்ஜியத் தலைநகரான திபிலிசி அப்போது ஒரு அமீரின், அதாவது முஸ்லிம் ஆட்சியாளரின், கையில் இருந்தது. பத்து வருடம் கழித்து பக்ராத்தும் லிபாரித்தும் அதை முற்றுகையிட்டார்கள். உள்ளே கடும் பஞ்சம், கழுதைக்கறிக்கே கொள்ளை விலை. அமீர் தப்பி ஓடத் தயாராகிவிட்டார். அந்த நேரம் பார்த்து மற்ற பிரபுக்கள் அரசர் காதைக் கடித்தார்கள். லிபாரித்திடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அரசர் அமீருடன் சமாதானம் செய்துகொண்டார். பகை அங்கே தொடங்கியது.

அப்புறம் லிபாரித் சும்மா இருக்கவில்லை. அரசரின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி தெமெத்ரேயை அரியணைக்கு நிறுத்தினார். சாசிரெதி போரில் பக்ராத்தையே தோற்கடித்தார்.

1048-ல் பைசாந்தியர்களின் கூட்டாளியாக செல்ஜுக் துருக்கியரை எதிர்த்துக் கபெத்ரோன் என்ற இடத்துக்குப் போருக்குப் போனார். அன்று சனிக்கிழமை, ஆகாத நாள் என்று போரைத் தள்ளிப்போடப் பார்த்ததாக ஒரு கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுகிறார். துருக்கியர் காத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பைசாந்தியத் தளபதிகள் எதிரியை விரட்டிக்கொண்டே போய்விட்டார்கள். நடுவில் நின்ற லிபாரித்தின் குதிரை அடிபட்டு விழ, அவர் சிறைப்பட்டார். அவரும் எதிரியைத் துரத்திப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று தளபதிகள் காத்திருந்தார்கள். விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

பைசாந்தியப் பேரரசர் மீட்புப் பணம் அனுப்பினார். செல்ஜுக் சுல்தான் துக்ரில் பெக் அதை ஏற்காமலே லிபாரித்தை விடுவித்தார். இனித் துருக்கியரோடு போரிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தவரின் கை இன்னும் ஓங்கியது. பக்ராத் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய் மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. இங்கே பக்ராத்தின் மகன் கியோர்கிக்கு முடிசூட்டி, ஆட்சியை லிபாரித்தே நடத்தினார். இந்த இடத்தில் அவர் எல்லை மீறினார் என்பதே என் கருத்து. ஆனால் அவருக்கு அடங்கியிருந்த பிரபுக்களுக்கே அது பொறுக்கவில்லை. சூலா என்பவர் தலைமையில் அவரைப் பிடித்து அரசரிடம் ஒப்படைத்தார்கள். துறவியாக்கப்பட்டு, அந்தோன் என்ற பெயரோடு கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். அவர் உடல் குலத்தின் கட்ஸ்கி மடாலயத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே பெயர் கொண்ட பேரனும் பின்னாளில் ஜார்ஜியாவை ஆண்ட தாவீது அரசரை எதிர்த்தார். நாய் வாலும் நிமிராது, நண்டும் நேரே நடக்காது என்று தாவீதின் வரலாற்றை எழுதியவர் அந்தப் பேரனைச் சாடினார். அரச பக்கத்துத் தீர்ப்பு அது. பேரனுக்கு அது பொருந்தலாம். தாத்தாவுக்கும் அதையே ஒட்டவைப்பதை நான் ஒப்பமாட்டேன். அன்று முற்றுகையைக் கைவிட்டது லிபாரித் அல்ல, அரசர். திபிலிசி ஜார்ஜியர் கைக்கு நிலையாக வந்தது 1122-ல்தான், தாவீதின் காலத்தில்.