நான்கு பேரும் ஒரு கேமராவும்

நேயர்களுக்கு வணக்கம். ஹாலிவுட்டுக்கு வெளியே நின்று படம் எடுத்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுங்கள் என்றதுமே எனக்கு நினைவுக்கு வந்தவர் பார்பரா லோடன். பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டவர்களும் இயக்குநர் எலியா கசானின் மனைவி என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

1932இல் வட கரோலினாவில் பிறந்தவர். நியூயார்க்குக்கு வந்து மாடலாகவும் இரவு விடுதியில் நடனமாடியும் பிழைத்தார், அப்புறம் மேடைக்குப் போனார், 1964இல் ஆர்தர் மில்லரின் நாடகம் ஒன்றில் நடித்ததற்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் வாங்கினார். அதன்பிறகு சினிமாக்காரர்கள் வீடு தேடி வந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஒரு பெரிய படத்தில் இவர் நடித்த காட்சியையே வேறொரு நடிகையை வைத்து மறுபடி எடுத்தார்கள்.

இவருக்குள் வேறொரு கதை கிடந்தது. வங்கிக் கொள்ளைக்கு உடந்தையாக இருந்த ஒரு பெண்ணுக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்ததும், அந்தப் பெண் நீதிபதிக்கு நன்றி சொன்னாளாம். பத்திரிகையில் படித்த செய்தி. ஜெயிலுக்குப் போவதற்கு நன்றி சொல்கிற அளவுக்கு ஒருத்திக்கு வெளியே என்ன வாழ்க்கை இருந்திருக்கும்? பல வருஷம் இந்தக் கேள்வியைச் சுமந்து திரைக்கதை எழுதினார். மற்ற இயக்குநர்களிடம் கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கு அந்தப் பெண் பிடிபடவில்லை. கடைசியில் தானே இயக்கி, தானே நடித்தார். அதுதான் 1970இல் வந்த 'வாண்டா'.

சுமார் 1,15,000 டாலர் செலவு. பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் 16 மிமீ படச்சுருளில் எடுத்தார்கள். இவரையும் சேர்த்துப் படக்குழுவே நான்கு பேர்தான், கேமராவைப் பிடித்த நிக்கோலஸ் ப்ரோஃபெரெஸ்தான் படத்தொகுப்பும் செய்தார். நடித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் நடித்தே அறியாதவர்கள். பணம் இல்லாததால் மட்டும் இப்படி எடுத்தார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பளபளவென்று எடுத்த படங்களை நம்ப முடியாது என்பது அவர் கட்சி.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. கருப்பு மலைபோல் குவிந்து கிடக்கும் நிலக்கரிக் கழிவு, அதன் நடுவே எங்கோ தூரத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி மெதுவாக நடந்து போகிறது, கேமரா அவசரப்படாமல் அதன் பின்னாலேயே போகிறது. அந்தப் புள்ளிதான் வாண்டா. அப்புறம் தலையில் சுருட்டைக்காகச் சுற்றிய உருளைகளைக்கூட எடுக்காமல், விவாகரத்து வழக்குக்குத் தாமதமாக வந்து நிற்கிறாள். கணவர் விவாகரத்து கேட்டால் கொடுத்துவிடுங்கள், குழந்தைகளும் அவரிடமே இருக்கட்டும் என்கிறாள். அழுகையும் இல்லை, விளக்கமும் இல்லை. இந்தப் பெண்ணை நாம் விரும்ப வேண்டும் என்று லோடன் எந்த இடத்திலும் கெஞ்சவில்லை. நான் இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். தயாரிப்பாளர் கூட்டம் ஒன்று கூடவே இருந்திருந்தால், அந்த அம்மாவுக்கு ஒரு துளிக் கண்ணீராவது வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர்கள் விருது கொடுத்தார்கள். அமெரிக்காவிலோ படம் சரியாக வெளியாகவே இல்லை. அதற்குப் பிறகு அவர் நாடகம் இயக்கினார், நடிப்புச் சொல்லிக்கொடுத்தார், பள்ளிகளுக்கான இரண்டு குறும்படங்கள் எடுத்தார், திரைக்கதைகள் எழுதினார். இரண்டாவது முழுநீளப் படம் மட்டும் அமையவில்லை. 1980இல், 48 வயதில், மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். ஒரே ஒரு படத்தோடு. எத்தனை தடவை நினைத்தாலும் இது ஆறுவதில்லை.

2007இல் ஹாலிவுட்டில் ஒரு பழைய ஃபிலிம் லேப் மூடப்பட்டது. அங்கே கிடந்த சுருள்கள் குப்பைக்குப் போகவிருந்த நேரத்தில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தவர் ஒருவர் போய்த் தேடியபோது 'வாண்டா'வின் மூலச் சுருள் கையில் கிடைத்தது. 2010இல் படத்தைப் புதுப்பித்தார்கள். இன்று நாம் பார்க்கிற அந்த வெள்ளைப் புள்ளி, அந்தச் சுருளிலிருந்து வந்ததுதான்.