புள்ளி போன பிரதிகள்

வணக்கம் நேயர்களே. பிள்ளையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து கேட்கும் பெற்றோர் சிலர் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி: பிள்ளையின் பையில் இருக்கும் ஸ்வரத் தாள் எத்தனையாவது நகல்?

காரணம் இருக்கிறது. அதே ஸ்வரத்தை உயர்த்திப் பாடும் மேல் ஸ்தாயி என்றால் ஸ்வரத்தின் தலையில் ஒரு புள்ளி, தாழ்த்திப் பாடும் கீழ் ஸ்தாயி என்றால் காலடியில் ஒரு புள்ளி. நகலை நகலெடுத்து, அதையும் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். ஓர் ஒத்திகையில் பார்த்தேன். வயலின்களெல்லாம் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ‘ச’வுக்கு, ஏறின. புல்லாங்குழல் வாசித்த பெண் மட்டும் கீழேயே நின்றுவிட்டாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தாளை வாங்கிப் பார்த்தால், பாவம், அதில் இருந்ததைத்தான் வாசித்திருக்கிறாள். சரி, இசையமைத்தவரிடம் மூலப்படி கேட்போம் என்றால், அது பழைய கணினியோடு போய்விட்டதாம்.

தியாகராஜர் கிருதியாக இருந்தால் கவலையில்லை. வேறோர் ஆசிரியர் பாடிக் காட்டிவிடுவார். இங்கே சிங்கப்பூரில், இந்தக் காலத்தில் எழுதப்படுவதை மனப்பாடமாக வைத்திருப்பவர் யார்? தாள் போனால் உருப்படியும் போச்சு.

அதனால்தான் மாணவர்களுக்கென இக்கால இசைத் தாள்களின் பொதுத் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவருகிறேன். புதுக் கட்டடம் வேண்டாம். எஸ்பிளனேட் நூலகம் 2002இலேயே வந்துவிட்டது. நாஃபா, லாசால் கலைக் கல்லூரிகள், யோங் சியூ தோ இசைக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. மக்கள் கழகத்தின் இந்திய இசைக்குழு 1985 முதல் இயங்குகிறது. எது யாரிடம் இருக்கிறது என்று ஒரே பட்டியல் போட்டால், ஒருவர் வாங்கியதையே இன்னொருவர் வாங்காமல், அந்தக் காசில் வேறொன்று வாங்கலாம்.

வாங்கும்போது, எல்லா வாத்தியங்களுக்கும் உள்ளதைச் சேர்த்து எழுதிய ஸ்கோர் மட்டும் போதாது. அது இசைக்குழுவை நடத்துபவருக்கு. வாசிப்பவருக்கு அவரவர் வாத்தியத்துக்கான தனித் தாள், அதாவது பார்ட், வேண்டும். பெரிய இசைக்குழு உருப்படிகளின் பார்ட்டுகளைப் பதிப்பகங்கள் பெரும்பாலும் விற்பதில்லை, வாடகைக்குத்தான் தருகின்றன. ஆகவே நாலைந்து பேர் வாசிக்கக்கூடியவற்றை, பார்ட்டுகளோடு, முதலில் சேர்க்கலாம். வீணைக்கு ஸ்வரமும் செல்லோவுக்கு மேல்நாட்டுக் குறிப்பும் கலந்து எழுதியவை இருந்தால் விடவே விடாதீர்கள்.

அலமாரியும் ஒரு தலைவலி. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசென் 1956இல் எழுதிய பியானோ உருப்படி ஒன்று ஒரே பெரிய தாளில் 19 துண்டுகளாக இருக்கும். எதை முதலில் வாசிப்பது என்பது வாசிப்பவர் இஷ்டம். அதை மடித்து வைக்கலாமா? அகலமான இழுப்பறைதான் வேண்டும். அப்புறம், தயவுசெய்து பென்சில்! பார்ட்டில் பேனா வைக்காதீர்கள். ‘இங்கே மூச்சு’ என்று முன்னால் வாசித்தவர் பென்சிலில் எழுதியிருந்தால் அதை அழிக்கவும் வேண்டாம், அடுத்தவருக்கு உதவும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். காப்புரிமையைப் பற்றி ஒரே வார்த்தை. படைத்தவர் மறைந்து 70 ஆண்டுவரை அது நீடிக்கும். 2011இல் மறைந்த நம் சிங்கப்பூர் இசையமைப்பாளர் லியோங் யூன் பின் எழுதியவற்றுக்கு 2081 முடியும்வரை. ஆகவே படைத்தவர் இருக்கும்போதே அனுமதி கேட்டு வாங்குங்கள்: மாணவர்கள் நகலெடுக்கலாமா, மேடையில் வாசிக்கலாமா, இரண்டு வரி, கையெழுத்து, தேதி. பிரதியை யார் சரிபார்ப்பது என்பதையும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. நன்றி, வணக்கம்.