கடைசி வீட்டுக்குக் குடிவந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக் கிளை நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குக் கதை சொல்லி வருகிறேன். பல்லைப் பற்றி ஒரு கதை சொல்லுங்களேன் என்று நூலகர்கள் கேட்பதுண்டு. கேட்டதும் யாருக்கும் தோன்றும் கதை ஒன்று இருக்கிறது. பல் தேய்க்காத பையன், அவன் வாய்க்குள் கிருமி அரக்கன், கடைசியில் ஊசியோடு டாக்டர். எனக்கு அது பிடிப்பதில்லை. அதைக் கேட்ட பிள்ளை பல் தேய்க்கிறதோ இல்லையோ, டாக்டரைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும்.

நான் சொல்வது ஒரு ஊர்க் கதை. மேலத்தெருவில் 10 வீடு, கீழத்தெருவில் 10 வீடு. எல்லாம் பால்பற்கள். பிள்ளைக்கு 6 வயது ஆகிறபோது, யாரும் காலி செய்யாமலே, தெருக்கோடிகளில் புதிதாக நாலு பேர் குடிவருகிறார்கள். பழைய பல் விழுந்து முளைத்தால்தானே வீட்டில் கவனிப்போம்? இவர்கள் ஓசைப்படாமல் வருவதால், இதுவும் பால்பல்தான், விழுந்துவிடும் என்று பெரியவர்கள் இருந்துவிடுகிறார்கள். ஆனால் பழைய 20 பேரும் 12 வயதுவாக்கில் போய்விடுவார்கள். இந்த நாலு கடைவாய்ப் பற்களுக்கோ மாற்று ஆளே கிடையாது.

இங்கே கதையை நிறுத்திவிட்டு, "நாக்கால தொட்டுப் பாருங்க, கடைசி வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்பேன். மொத்தக் கூட்டமும் வாயைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "வந்துட்டார் மிஸ், தலையில பள்ளம் இருக்கு!" என்று ஒரு குரல் வரும். அந்தப் பள்ளத்தில்தான் கமர்கட் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் பின்னால் இருக்கும் அம்மாக்கள் செல்போன் டார்ச்சை அடித்துப் பிள்ளை வாய்க்குள் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பூச்சி அரித்துத்தான் பல் சொத்தையாகிறது என்று நம் வீடுகளில் சொல்வோம். சொத்தைப் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டிக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. அது வெறும் கைவித்தை. நடப்பது வேறு. நாம் மிச்சம் வைத்த இனிப்பைக் கிருமிகள் தின்றுவிட்டு, அங்கேயே அமிலத்தைக் கழிந்து வைக்கின்றன. இதைச் சொன்னதும் "ச்சீய்!" என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், அரக்கன் கதைக்குக்கூட அப்படி எழாது. அந்த அமிலத்தை எச்சில் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் அதற்கு நேரம் ஏது? தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் குறைவு. ராத்திரி பல் தேய்க்கச் சொல்வது அதனால்தான்.

நம் பக்கத்தில் கதை சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் சில இடங்களிலும், பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதற்கு மேல் உள்ள நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு, முளைக்கும்போதே பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தப் பிள்ளையை முன் வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு, மஞ்சள் பல் சோம்பேறி என்று கதை சொன்னால் எப்படி இருக்கும்? அது கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். என் கதையில் கறை படிந்த வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் அப்படி. அதைக் கேட்டதும் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் கதை என் கையில் இருக்காது.

பெற்றோருக்குச் சில வார்த்தை. 3 வயதுக்குள் பற்பசை அரிசி மணியளவு போதும், அதன்பின் 6 வயது வரை பட்டாணியளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம், பிள்ளை விழுங்கிவிடும். 7, 8 வயது வரை நீங்களும் கூட நின்று தேய்த்துவிடுங்கள். பிள்ளை கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் முன்பல்லோடு வேலை முடிந்துவிடும், தெருக்கோடிக்குப் போகாது.

நூலகங்களில் கதை நேரம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்ததும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பல் கதைக்கும் அதையேதான் கொடுக்கிறார்கள்! கொய்யா நறுக்கிக் கொடுங்கள், செலவும் குறைவு. உப்பு, மிளகாய்த்தூள் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நன்றி, வணக்கம்.