சாத்தானை நேர்ல பாத்தேன்னு சொன்ன பாட்டி! 1922 ஊமைப்படம், லைவ் மியூசிக்

ஷூட்டிங் நடுவுல ஒரு சின்ன பிரேக். நடிக்க வந்த வயசான அம்மா ஒருத்தங்க சோர்ந்துபோன முகத்தை மெல்லத் தூக்கி டைரக்டரப் பாத்து, "சாத்தான் இருக்கறது நிஜம், என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்ததை நானே பாத்திருக்கேன்"ங்கறாங்க. டைரக்டர் அதை அப்படியே, ஸ்கிரீன்ல எழுத்தா வர்ற டைட்டில் கார்டா, படத்துலயே போட்டுட்டாரு. இதுல என்னன்னா, அந்தப் படத்துல சாத்தானா நடிச்சதே அந்த டைரக்டர்தான்!

வணக்கம் மக்களே! படம் பேரு ஹேக்ஸான், ஸ்வீடிஷ்ல சூனியக்காரின்னு அர்த்தம். டைரக்டர் பெஞ்சமின் கிறிஸ்டென்சன், டென்மார்க்காரரு, காசு போட்டது ஸ்வீடன் கம்பெனி. ஏழு பாகம், ஐரோப்பாவுல சூனியக்காரின்னு பழி போட்டு ஆளுங்களைக் கொன்ன கதைதான் விஷயம். பின்னணி இவ்வளவு போதும், வாங்க விஷயத்துக்கு.

நூறு வருஷம் தாண்டியும் இந்தப் படத்தைத் தியேட்டர்ல போடுறாங்க, ஸ்கிரீனுக்குக் கீழ ஆளுங்க உக்காந்து லைவ்வா வாசிக்கிறாங்க. 1922 நவம்பர்ல கோபன்ஹேகன்ல ஓடுனப்போ பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஷூபர்ட், பேத்தோவன்னு ஏற்கனவே எழுதி வச்ச இசை. 1968ல படத்தை வெட்டிச் சுருக்கி, எழுத்தாளர் வில்லியம் பரோஸ் குரல் குடுத்து, ஜாஸ் சேத்து விட்டாங்க. ஆனா எனக்குப் பித்துப் பிடிக்கறது மூணாவது வகை, கையில நோட்ஸே இல்லாம, ஸ்கிரீனைப் பாத்து அந்த நிமிஷத்துல தோணுறதை வாசிக்கறது. கச்சேரில ஆலாபனை பண்றப்போ பாடகர் மனசு எங்க போகுதுன்னு வயலின்காரர் மோப்பம் பிடிச்சுட்டே பின்னாடி வருவாருல்ல, இங்க பாடகர் இடத்துல படம் இருக்கு, அது யாருக்காகவும் நிக்காது, திரும்பியும் பாக்காது!

முதல் பாகம் கிளாஸ் மாதிரி, பழைய ஓவியங்களைக் குச்சி வச்சு சுட்டிக் காட்டுவாங்க, அங்க ஒரே ஸ்ருதிய நீட்டிப் பிடிச்சாலே போதும். சூனியக்காரிங்க கூட்டமா ஊருக்கு மேல பறக்குற சீன் வந்தா டிரம்ஸ்காரருக்குத் தீபாவளி.

ஆனா உண்மையான பரீட்சை வேற இடத்துல இருக்கு, இதைக் கொஞ்சம் நிறுத்தி சொல்லியே ஆகணும். ஒரு வீட்டுல ஆம்பளைக்கு உடம்பு சரியில்லாமப் போகுது, சோறு கேட்டு வந்த மரியாங்கற ஏழைக் கிழவிதான் சூனியம் வச்சான்னு பழி போடுறாங்க. ஆரம்பத்துல சொன்ன அந்த அம்மாதான், மாரென் பெடர்சன், இந்த மரியா. சித்திரவதை தாங்காம அவங்க எல்லாத்தையும் "ஒத்துக்கறாங்க", சாத்தான் கூட்டத்துக்குப் போனேன்னு கதை கதையா சொல்றாங்க, கூட யாரெல்லாம் வந்தாங்கன்னு கேட்டா, தன்னைப் பிடிச்சுக் குடுத்த வீட்டுப் பொம்பளைங்க பேரையே சொல்லிடுறாங்க. அப்புறம் அவங்களும் மாட்டுறாங்க. வலிய நிறுத்த ஒரு பேரு வேணும், அந்தப் பேருக்கு வலிக்கும்போது அடுத்த பேரு, இந்த மெஷின் ஓடுனது இப்படித்தான்!

இந்த இடத்துல கேமரா அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தை விட்டு நகரவே மாட்டேங்குது. இங்க வயலினை இழுத்து அழ வச்சா எனக்குச் சுத்தமா பிடிக்காது, முகமே எல்லாத்தையும் சொல்லிடுச்சே. நல்லா வாசிக்கறவங்க வாத்தியத்துலேர்ந்து கையை எடுத்துடுவாங்க, ஹால்ல ஒருத்தர் மூச்சு விடுறதுகூடக் கேக்கும், ரெண்டாவது நாள் ஷோவுல அதே இடத்துல ஒத்தை மணிச் சத்தம் வரலாம். அதனாலதான் சொல்றேன், ஒவ்வொரு ராத்திரியும் இது வேற படம்.

ஒரு திருத்தம். எரிக்கப்பட்டவங்க எண்பது லட்சத்துக்கும் மேலன்னு படம் சொல்லுது, அதை நம்பாதீங்க, இன்னைக்கு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்ற கணக்குப்படி கொல்லப்பட்டவங்க 40,000லேர்ந்து 50,000 வரைக்கும்தான். அதுவே எவ்வளவு பெரிய கொடுமை!

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. மரியா விசாரணை சீனை முதல்ல மியூட்ல பாருங்க, அப்புறம் உடுக்கையோ புல்லாங்குழலோ ஏதாவது ஒண்ணைத் தனியா ஓட விட்டுப் பாருங்க. எந்த வாத்தியத்தை எந்த ஷாட்ல நிறுத்தணும்னு தோணுச்சு, கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன்.