கல்யாண வீடியோவிலிருந்து அப்பத்தாவின் படம்

(திரையில்: பழைய கல்யாண வீடியோ ஓடுகிறது. பந்தி முடிந்த நேரம். வலது ஓரத்தில் ஒரு பாட்டி.)

அந்த ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாரே, அவர்தான் என் அப்பத்தா. 1998இல் சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த வீடியோ இது. அப்பத்தாவுக்கு ஃபோட்டோ என்றாலே ஆகாது. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். அவர் போன பிறகு வீட்டில் மாட்டுவதற்குப் படம் தேடினால், வாக்காளர் அட்டையில் இருந்த மங்கல் படத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதுதான் பெரியப்பா மகன் சொன்னார்: "டேய் தம்பி, கல்யாண கேசட்டில் அப்பத்தா இருக்கும். அதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடு, 12க்கு 18 போட்டு மாட்டிடலாம்."

சரி, எடுத்துவிடலாம் என்று, கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றிய வீடியோவோடு உட்கார்ந்தேன். அரை நாளில் முடியும் என்று நினைத்தது மூன்று நாள் இழுத்தது. அந்த மூன்று நாளில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்த வீடியோ.

முதல் தப்பு எல்லாரும் செய்வதுதான். வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கீழே ஓட்டக் கோடு, நடுவில் பிளே பட்டன், எல்லாம் படத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஸ்கிரீன்ஷாட் பிடிப்பது உங்கள் திரையை, வீடியோவை அல்ல. பெரிய வீடியோவைச் சின்ன ஜன்னலில் ஓட்டிவிட்டு எடுத்தால் அந்த ஜன்னல் அளவுக்குத்தான் படம் கிடைக்கும். சின்ன வீடியோவைத் திரை நிறைய ஓட்டிவிட்டு எடுத்தால், இழுத்துப் பெரிதாக்கிய படம் கிடைக்கும். வீடியோ என்பது வேகமாக மாறிக்கொண்டே போகும் அசையாப் படங்களின் வரிசை, அதில் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நமக்கு வேண்டியது வீடியோவுக்குள் இருக்கிற அந்த பிரேம், அப்படியே.

(திரையில்: தேடல் பக்கம். வரிசையாக மாற்றும் தளங்கள்.)

வீடியோவைப் படமாக மாற்ற ஆன்லைனில் தேடினால் தளங்கள் வந்து குவியும். இவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள் வேலை செய்வது ஒரே இலவச மென்பொருள்தான்: எஃப்எஃப்எம்பெக். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. ஆகவே எந்தத் தளம் நல்ல தளம் என்று ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வீடியோ உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகிறதா, இல்லையா?

சில தளங்கள் முழுக் கோப்பையும் தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொண்டு அங்கே வெட்டும். டிவிடியில் ஒரு கோப்பு 1 ஜிபி வரை இருக்கும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அப்லோடு ஆனால்கூட 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இலவச எல்லை தாண்டிவிட்டது, பணம் கட்டு என்று சொல்லிவிடும். நேரம் கிடக்கட்டும். வீட்டுப் பெண்கள், குழந்தைகள், கழுத்து நிறைய நகை, இவ்வளவும் இருக்கிற கல்யாண வீடியோவை முகம் தெரியாத ஒருவரின் சர்வருக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

இன்னொரு வகைத் தளங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். கோப்பு எங்கும் போகாது. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பக்கம் முழுதாகத் திறந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு வீடியோவைக் கொடுங்கள். படம் வந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால் அதை மூடிவிட்டு வேறு பாருங்கள்.

(திரையில்: கோப்புறை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள்.)

இது என் இரண்டாவது தப்பு. மூன்று நிமிடத் துண்டைக் கொடுத்து, எல்லா பிரேமும் வேண்டும் என்று டிக் செய்தேன். நம் ஊர்ப் பழைய வீடியோவில் விநாடிக்கு 25 பிரேம். 180 விநாடிக்கு 4,500 படங்கள். பாவம், லேப்டாப் மூச்சு வாங்கியது. முதலில் விநாடிக்கு ஒன்று என்று எடுங்கள், 180 படத்தோடு போகும். நல்ல முகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த 2 விநாடியை மட்டும் கொடுத்து எல்லா பிரேமையும் எடுங்கள். 50 படம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

50 பிரேமும் பார்க்க ஒன்று போலத்தானே இருக்கும், ஏதோ ஒன்றை எடுத்தால் போதாதா? போதாது. கணக்குப்பிள்ளை நோட்டில் ஒரு வரியை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார் இல்லையா? வீடியோவும் அப்படித்தான். ஒரு பிரேமை முழுப் படமாக வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவற்றில் மாறியது என்ன என்பதை மட்டும் குறித்து, மிச்சத்துக்கு மேற்படி. டிவிடியில் சுமார் அரை விநாடிக்கு ஒருமுறை முழுப் பிரேம் வரும். இடையில் இருப்பவை, முக்கியமாக ஆட்கள் அசையும் இடங்களில், கட்டம் கட்டமாகக் கலங்கியிருக்கும். எது முழுப் பிரேம் என்று பல தளங்கள் காட்டாது. முன்னும் பின்னும் நகர்த்திக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

பழைய வீடியோவில் இன்னொரு தொல்லையும் உண்டு. கையோ தலையோ அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அந்தக் காலத்து டிவிக்காக ஒவ்வொரு பிரேமையும் இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படைக் கோடுகளை முதலிலும் இரட்டைப்படைக் கோடுகளை 50இல் ஒரு பங்கு விநாடி கழித்தும் பதிவு செய்தார்கள். அதற்குள் கை நகர்ந்திருக்கும், இரண்டு பாதியும் ஒட்டாது. டீஇன்டர்லேஸ் என்று ஒரு வசதி இருந்தால் போடலாம். கோடு போகும், ஆனால் அசைந்த இடத்தில் நுணுக்கமும் சேர்ந்து போகும். ஆள் அசையாமல் இருக்கிற பிரேமைத் தேடுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

(திரையில்: ஒரே பிரேம் இரண்டு அகலத்தில். பக்கத்தில் ஒரு தாம்பாளம்.)

இந்தத் தாம்பாளத்தைப் பாருங்கள். இடது பக்கம் முட்டை மாதிரி இருக்கிறது, வலது பக்கம் வட்டம். டிவிடி பிரேமின் அளவு 720க்கு 576 பிக்சல். 4க்கு 3 அளவுள்ள பழைய டிவியில் அது 768க்கு 576 ஆக விரிந்து தெரியும். தளம் அதைக் கவனிக்காமல் விட்டால் அப்பத்தாவின் முகம் நீண்டு ஒல்லியாகிவிடும். படத்தில் தட்டு, தாம்பாளம், வளையல் எதையாவது பாருங்கள். வட்டமாக இல்லை என்றால் அகலத்தை மட்டும் 768 ஆக மாற்றுங்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? பிஎன்ஜி. வீடியோவே ஏற்கனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. ஜேபெக்கில் போட்டால் மறுபடி சுருக்கும். பிஎன்ஜி இருக்கிறதை அப்படியே வைக்கும். திருத்தமெல்லாம் முடிந்து ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும்போது கடைசியாக ஒரே ஒருமுறை ஜேபெக் ஆக்கிக்கொள்ளலாம். ஜிஃப் பக்கமே போகாதீர்கள், அதில் 256 நிறத்துக்கு மேல் கிடையாது, முகத்தில் திட்டுத் திட்டாக விழும்.

ஃபோனில் எடுத்த புது வீடியோ என்றால் இவ்வளவு பாடு இல்லை. 4கே பிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல், தாராளம். ஆனால் உறவினரிடம் கேட்டு வாங்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த படம் சாயம் போன மாதிரி வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் எச்டிஆர் வீடியோ, அதாவது சாதாரண வீடியோவைவிட அதிக வெளிச்சமும் நிறமும் பதிவாகிற வகை. எச்டிஆரைச் சாதாரண நிறத்துக்கு மாற்றத் தெரிந்த தளமாகப் பாருங்கள்.

இனி அண்ணன் கேட்ட 12க்கு 18. நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அந்த அளவுக்கு 3600க்கு 5400, அதாவது சுமார் 1 கோடியே 94 லட்சம் பிக்சல். நம் பிரேம் முழுக்கச் சேர்ந்தே நாலரை லட்சத்துக்குள். அதிலும் அப்பத்தா ஓரத்தில் இருக்கிறார். அவரை மட்டும் வெட்டினால் 270க்கு 405. கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றிய வீடியோ வேறு, அந்தப் பிக்சலிலும் பாதி வெறும் மங்கல்.

ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். தோல் பளபளவென்று, பல் வரிசையாக, யாரோ ஒரு பாட்டி வந்து நின்றார். அம்மா பார்த்துவிட்டு "யாருடா இது?" என்றார். அழித்துவிட்டேன்.

(திரையில்: எட்டு பிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.)

கைகொடுத்தது வேறொன்று. அந்த 50 பிரேமில் 24இலிருந்து 31 வரை அப்பத்தா அசையவே இல்லை. வெற்றிலையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். ஒரே முகம், எட்டு பிரேம். பழைய கேசட்டில் ஊர்கிற புள்ளிகள் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். எட்டையும் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினேன். ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு சதவீதம் வைக்கலாம் (ஒபாசிட்டி). அடியில் இருப்பது 100 சதவீதம், அதன் மேல் 50, அதற்கு மேல் 33, அப்புறம் 25, இப்படி எட்டாவது அடுக்கு 12.5 சதவீதம் வரை. கிடைப்பது எட்டின் சராசரி. புள்ளிகள் அடங்கிப்போய், மூக்குத்தி தெரிந்தது.

அச்சுக்கு 2க்கு 3 அங்குலம் போதும் என்று ஸ்டுடியோவில் சொன்னேன். 10க்கு 12 அங்குலச் சட்டத்தில் சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து நடுவில் ஒட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் முதலில் முகம் சுளித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் நின்றவர், கொஞ்ச நேரம் நகரவில்லை.

எட்டு பிரேம் என்றால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. 32ஆவது பிரேமையும் காட்டிவிடுகிறேன்.

(திரையில்: 32ஆவது பிரேம். கை முந்தானையைப் பிடித்துவிட்டது.)