கோட்டையைச் சுத்தியிருக்கிற நிலத்தோட வரலாற்றை எப்படி ஆவணப்படுத்துறது? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. கட்டடக்கலை படிக்கிற ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "பாதுகாக்கப்பட்ட ஒரு கோட்டையை ஆய்வுக்கு எடுத்திருக்கேன். சுவர், வாசல் எல்லாம் ஏற்கெனவே அளந்து வரைஞ்சிட்டாங்க. சுத்தியிருக்கிற நிலத்தை நான் எழுதணும். எங்க ஆரம்பிக்கிறது, எவ்வளவு தூரம் போறது?"

இன்னைக்கு இருக்கிற நிலத்துல ஆரம்பிங்க. நிறைய பேர் கோட்டை கட்டின வருஷத்துல ஆரம்பிச்சு இந்தப் பக்கமா வருவாங்க. அப்படி வந்தா ராஜா, போர்னு கதை நல்லா வரும், நிலம் வராது. மேடு, பள்ளம், பாதை, வாய்க்கால், பெரிய மரங்கள், எல்லாத்தையும் முதல்ல ஒரு வரைபடத்துல கொண்டு வந்துருங்க. அப்புறம் விமானத்துல இருந்து நிலத்தை எடுத்த பழைய படம், அதுக்கும் பழைய நில அளவைப் படம்னு ஒவ்வொண்ணா அது மேல பொருத்திப் பாருங்க. 1960ல இருந்து 1972 வரைக்கும் அமெரிக்கா எடுத்த கொரோனா உளவு செயற்கைக்கோள் படங்களை 1995ல வெளியிட முடிவு பண்ணாங்க. அணையும் புறவழிச்சாலையும் வர்றதுக்கு முன்னாடி நிலம் எப்படி இருந்துச்சுன்னு பல இடங்களுக்கு அதுல பார்க்கலாம். பொருத்தும்போது பாறை, சுவர் மூலைன்னு நகராத புள்ளியா எடுங்க. ரோட்டு வளைவை நம்பிப் பொருத்தினீங்கன்னா மொத்தப் படமும் கோணிக்கும்.

பழைய போட்டோ கிடைச்சா விடாதீங்க. ஹம்பியை 1856ல அலெக்சாண்டர் கிரீன்லாங்கிறவர் காகித நெகட்டிவ்ல படம் எடுத்தார். 1980கள்ல ஜான் காலிங்ஸ்ங்கிற புகைப்படக்காரர் அதே இடங்கள்ல நின்னு திரும்ப எடுத்தார். ரெண்டையும் பக்கத்துல வச்சா எந்தத் தூண் விழுந்துச்சு, எது நிமிர்த்தி வச்சதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். நீங்களும் பழைய படம் எடுத்தவர் நின்ன இடத்தைத் தேடிப் பிடிங்க. முன்னாடி இருக்கிற சுவர் முனையும் பின்னாடி இருக்கிற மலை உச்சியும் படத்துல எப்படி ஒண்ணுமேல ஒண்ணு விழுதோ, அதே மாதிரி விழுற வரைக்கும் நகர்ந்துக்கிட்டே இருக்கணும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான்.

கோடைக்காலத்துல ஒரு தடவையாவது போங்க. இங்கிலாந்துல பழங்காலக் கல் வட்டம் இருக்கிற ஸ்டோன்ஹெஞ்ச்ல 2013 கோடையில தண்ணி பாய்ச்சுற குழாய் ஒரு பக்கத்துக்கு எட்டல. அந்தப் பக்கம் புல்லு காய்ஞ்சதும், இன்னைக்கு இல்லாத கற்கள் நின்னிருக்கக்கூடிய இடங்கள்ல தனித் திட்டு தெரிஞ்சுச்சு. ஒரு காலத்துல தோண்டப்பட்ட மண்ணுல புல்லு வேற மாதிரி வளரும், அதான் காரணம். அதைக் கவனிச்சது அங்க வேலை பார்க்கிறவர். அதுக்கு முன்னாடி கருவி வச்சு நடத்தின நிலத்தடி ஆய்வுல அது சிக்கவே இல்ல! அதனால காவலாளிகிட்டயும் ஆடு மாடு மேய்க்கிறவங்ககிட்டயும் உட்கார்ந்து பேசுங்க. மழையில எங்க தண்ணி தேங்கும், எந்த மேட்டுக்கு என்ன பேருன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

வரைபடத்துல போடுற ஒவ்வொரு கோட்டுக்கும் அது எப்படித் தெரிஞ்சதுன்னு எழுதிருங்க. நேர்ல பார்த்ததா, பழைய படத்துல இருந்ததா, உங்க ஊகமா? ஊகத்தைப் புள்ளிக்கோடாப் போடுங்க. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பின்னாடி ஒருத்தர் உங்க ஊகத்தை நம்பி அங்க பாதையே போட்டுருவார்.

அனுமதி விஷயம்: ட்ரோனுக்கும் உலோகம் தேடுற கருவிக்கும் எழுத்துல அனுமதி வாங்கிட்டுத் தொடுங்க. தோண்டுறது உங்க வேலையே இல்ல. பானை ஓடு கிடந்தா இடத்தைக் குறிச்சு, படம் எடுத்துட்டு, அங்கயே விட்டுருங்க.

எவ்வளவு தூரம்னா, பாதுகாப்பு எல்லைக் கல்லோட நிக்காதீங்க. அது நிர்வாகத்துக்குப் போட்ட கோடு. கம்போடியாவுல பழைய கோயில் நகரமான அங்கோர்ல 2012ல ஹெலிகாப்டர்ல இருந்து லைடார், அதாவது லேசர் ஒளியை அனுப்பி நிலத்தோட மேடு பள்ளத்தை அளக்கிற முறையில படம் எடுத்தப்போ, காட்டுக்கு அடியில தெருக்களும் குளங்களும் கோயில் சுவரைத் தாண்டிப் போனது தெரிஞ்சுச்சு. உங்க கோட்டை அகழிக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு, காவல் மேடையில நின்னா எது வரைக்கும் தெரியும், இந்த ரெண்டையும் குறிச்சுக்கோங்க. நீங்க ஆய்வு பண்ண வேண்டிய பரப்பு குறைஞ்சது அவ்வளவு.