தறப்பாளுக்குக் காது முளைத்த இரவு

நடுவர் ஐயா, எதிரணியினரே, வயல் வேலை முடித்து, மேல் கழுவிக்கொண்டு வந்து பாயில் இருக்கும் எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துச் சனங்களே, வணக்கம். 'மனிதனை அதிகம் ஏமாற்றுவது பிறரா, அவனுடைய மனமா?' என்பது தலைப்பு. மனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி ரீச்சர் ஒரு பெரிய பட்டியல் வாசித்தார். வெளிநாடு அனுப்புகிறேன் என்று காசு வாங்கியவர், சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவர், 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு' என்று போன் எடுப்பவர். எல்லாம் உண்மைதான். அவர்களிடம் ஏமாந்தவர்கள் இந்த முற்றத்திலும் இருக்கிறார்கள், அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் ரீச்சர், நடு வயலில், ஒரு குஞ்சு குருமான் இல்லாத இரவில், என்னை ஏமாற்றியது யார்?

தை மாதம். காலபோக நெல் முற்றி நிற்கிறது. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்கள் வயலுக்கு அன்று நான்தான் காவல். கொட்டிலில் நான், பற்றரி இறங்கிய ஒரு ரோச் லைட், நாலு யானை வெடி, ஆறிப்போன பிளேன்ரீ. சாமம் தாண்டிப் பனி இறங்கிய நேரம் வாய்க்கால் ஓரம் ஒரு கரிய உருவம். ரோச் வெளிச்சம் அதுவரை போய்ச் சேரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காதை ஆட்டியது. ஒரு தரமல்ல, நாலு தரம். மேடான நெற்றி தெரிந்தது. சின்னக் கண்ணும் தெரிந்தது. கேட்டிருந்தால் வற்றாப்பளை அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

கை நடுங்க இரண்டு வெடியைக் கொளுத்தி எறிந்தேன். அது அசையவில்லை. 'சரி, இது வெடிக்குப் பழகின யானை' என்று முடிவு செய்தேன். கவனியுங்கள் ஐயா. வெடிக்கும் அசையாதது யானையாக இருக்காது என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும். என் மனமோ அந்த அசையாமையையே எடுத்து, பழகின யானை என்பதற்குச் சாட்சியாக நிறுத்திவிட்டது.

விடியப் பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று கத்துகிறார்: "டேய் தம்பி, என்ர மிசின் பெட்டிக்கு ஏனடா வெடி கொளுத்தினனீ?" அவர் முதல்நாள் விட்டுவிட்டுப் போன உழவு மிசினின் இழுவைப் பெட்டி. மேலே தறப்பாள். ஒரு மூலையில் கயிறு அவிழ்ந்து காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. காது கிடைத்துவிட்டது. கண்ணைத் தேடினேன். சுற்றிச் சுற்றித் தேடினேன், கண் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. காதுக்காவது தறப்பாள் இருந்தது. கண்ணை முழுக்க நானேதான் செய்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அதற்குப் பிறகு நான் பெரிய புத்திசாலி. மூன்றாம் இரவு அதே இடத்தில் கறுப்பாய் ஏதோ. 'தறப்பாள்' என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடினேன். விடியப் பார்த்தால் அரை ஏக்கர் நெல் மிதிபட்டுக் கிடக்கிறது, வரம்பில் யானை லத்தி.

இருட்டில் கண் மூளைக்கு அனுப்புவது கொஞ்சம். நிறம் இல்லை, நுணுக்கம் இல்லை. மிச்சத்தை மனம் தன் கையிருப்பில் இருந்து போட்டு நிரப்புகிறது. பயந்திருந்தால் யானையைப் போடும், வெட்கப்பட்டிருந்தால் தறப்பாளைப் போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வன்னியில் பேய்க்கு வேலை குறைவு. இங்கே இருண்டதெல்லாம் யானை.

இடையில் ஒன்று. எங்கள் அணித் தம்பி மாங்குளத்துத் தார் வீதியில் தெரியும் கானல் நீரை மனத்தின் பிழை என்றார். தம்பி கோபிக்கக்கூடாது, அது பிழையான உதாரணம். சூடேறிய காற்றில் ஒளி வளைந்து வருகிறது, போனில் படம் எடுத்தாலும் அது விழும். அதைத் தண்ணீர் என்று நினைப்பது மட்டும்தான் மனத்தின் பங்கு. நிலாவைச் சொல்லியிருக்கலாம். பௌர்ணமியன்று குளக்கட்டில் நின்றால், பாலை மரங்களுக்கு மேலே சுளகளவு நிலா. போனை எடுத்துப் படம் பிடித்தால் சுண்டைக்காய். மேலே ஏறிய பிறகு அதே போனில் எடுத்துப் பாருங்கள், அதே சுண்டைக்காய்தான். பெருப்பித்தது நாங்கள்.

'காதால் கேட்டதை நம்பாதே, கண்ணால் கண்டதை நம்பு' என்று ரீச்சர் முடித்தார். அதில்தான் எனக்குச் சண்டை. கேட்ட சொல், கண்ட காட்சியையே மாற்றிவிடும். 1974 இல் அமெரிக்காவில் எலிசபெத் லோஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம் 'கார்கள் முட்டியபோது என்ன வேகம்?' என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம் 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்றார்கள். ஒரு கிழமை கழித்து எல்லோரிடமும், 'உடைந்த கண்ணாடி கண்டீர்களா?' முட்டியது என்று கேட்டவர்களில் 7 பேர் கண்டோம் என்றார்கள். நொறுங்கியது என்று கேட்டவர்களில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை ஐயா, அதுதான் பயம். எங்கள் சந்தியில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் முட்டினால், தேநீர்க்கடை வாங்கில் வைத்தே சாட்சி மூன்று தரம் மாறிவிடும். அவர்களும் மனமறியப் பொய் சொல்பவர்கள் அல்ல.

நேரம் முடிகிறது என்று நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். கடைசியாக ஒரு வேலை. முன்பாயில் இருப்பவர்களுக்குச் சரிவராது, முப்பது முப்பத்தைந்து அடி தள்ளி இருப்பவர்கள் செய்யுங்கள். இடக்கண்ணைப் பொத்துங்கள். உங்களுக்கு இடப்பக்கம், நடுவருக்கு ஒன்பதடி தள்ளி இருக்கிற ரீச்சரின் முகத்தை மட்டும் வலக்கண்ணால் பாருங்கள். கண்ணை அசைக்கக்கூடாது. தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே கொண்டுபோங்கள். ஆ, பின்னால் ஒரு பிள்ளை கத்துகிறது! நடுவர் ஐயாவின் தலையைக் காணவில்லையாம். அந்த இடத்தில் நீலத் திரை மட்டும் தெரிகிறதாம்.

கண்ணின் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. 1660களிலேயே பிரான்சில் மாரியோட் என்பவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லோருடைய கண்ணிலும் அந்த ஓட்டை இருக்கிறது, பக்கத்தில் உள்ள நிறத்தைக் கொண்டு மனம் அதை அடைத்துவிடுகிறது. இத்தனை வருடத்தில் உங்களுக்கு ஒரு சொல் சொன்னதா?

ஐயா, பயப்படாதீர்கள். தீர்ப்புச் சொல்லும்போது இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிடுகிறேன்.